ஸ்லோடைவும் ஷூகேஸ் அலையும்: ஓர் இசைக்களம் எழுந்து ஐந்தே ஆண்டில் சரிந்த விதம்

எந்த நிகழ்வு

1990-க்கும் 1995-க்கும் இடையில் இங்கிலாந்தில் கிதாரை மையமாகக் கொண்ட ஓர் இசைக்களம் உருவானது. வார இதழ்களின் பாராட்டில் வளர்ந்து, அதே வார இதழ்களின் கேலிக்கு ஆளாகி மறைந்தது. ஷூகேஸ் என்று அதற்குப் பெயர். காலணியை வெறித்துப் பார்ப்பது என்று பொருள். அந்தக் களத்தின் நடுவில் இருந்த ஸ்லோடைவ் என்ற குழுவைப் பின்தொடர்ந்து இந்தக் குறிப்பை எழுதுகிறேன். குழுக்கள், நிறுவனங்கள், இதழ்கள் இவற்றுக்குப் பெயர் உண்டு. தனிமனிதர்களை, ஒருவரைத் தவிர, அவரவர் பார்த்த வேலையை வைத்தே குறிப்பிடுகிறேன். எந்த நேரத்தில் என்ன முடிவு எடுத்தார்கள் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

இந்த இசை எனக்கு மிகவும் பிடித்தது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படியிருந்தும் பழியை முழுக்கப் பத்திரிகைகள் மேல் போட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. குழுவும் நிறுவனமும் அவசரத்தில் செய்த காரியங்களும் இதில் இருக்கின்றன.

பின்னணி

ரெடிங், ஆக்ஸ்ஃபோர்டு இரண்டுமே லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் ஆற்றை ஒட்டிய ஊர்கள். ரெடிங்கில் ரயில் ஏறினால் அரை மணியில் லண்டன் வந்துவிடும். மான்செஸ்டர், லிவர்பூல் மாதிரி பாட்டுக்குப் பேர்போன நகரங்கள் இல்லை. வசதியான குடும்பங்கள் அமைதியாக வாழும் பக்கம் என்றுதான் அந்தப் பகுதிக்குப் பெயர். அந்தப் பெயரே பின்னால் ஒரு குற்றச்சாட்டாக மாறியது.

விதை போட்டது வேறு ஒரு குழு. டப்ளினில் தொடங்கி லண்டனுக்கு இடம்பெயர்ந்த மை பிளடி வேலண்டைன் 1988-இல் கிரியேஷன் என்ற சிறிய லண்டன் இசைவெளியீட்டு நிறுவனத்தில் சேர்ந்து, அதே ஆண்டில் இரண்டு இ.பி.களும் (சில பாட்டுகள் மட்டும் கொண்ட சிறு வெளியீடு) ஓர் ஆல்பமும் வெளியிட்டது. கிதாரை இப்படியும் ஒலிக்கவைக்கலாமா என்று அதைக் கேட்ட பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் திகைத்துப்போனார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ரைட் அதே 1988-இல் உருவானது. உறுப்பினர்களில் மூன்று பேர் பக்கத்து ஊரான பான்பரியில் ஓவியக் கல்லூரி மாணவர்கள். ரெடிங்கில் சாப்டர்ஹவுஸ் ஏற்கெனவே இருந்தது. 1989-இல் அங்கே ஸ்லோடைவ் தொடங்கியது. அதன் இரண்டு பாடகர்களும் சின்ன வயதிலிருந்தே நண்பர்கள். லண்டனில் லஷ், மூஸ். வடக்கே லீட்ஸில் பேல் செயிண்ட்ஸ்.

அந்த ஒலி

இதைக் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். பின்னால் வந்த கேலி எல்லாம் இந்த ஒலி உண்டாகும் விதத்திலிருந்தே வந்தது.

மேடையில் கிதார் வாசிப்பவரின் காலடியில் வரிசையாகச் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள் இருக்கும். பெடல் என்பார்கள். காலால் மிதித்தால் ஒவ்வொன்றும் விழித்துக்கொள்ளும். டிஸ்டார்ஷன் ஒலியைக் கரகரப்பாக்கும். டிலே அதே ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்லும். ரிவெர்ப் அதைப் பெரிய மண்டபத்துக்குள் கொண்டுபோய் வைக்கும். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிட்டால் தந்தியை மீட்டும் சத்தம் தனியாகக் காதில் விழாது. சுவர் மாதிரி, இல்லை, அலை மாதிரி ஒன்று எழும். மை பிளடி வேலண்டைனின் கிதார்க்காரர் இன்னொன்றும் செய்தார். கிதாரின் பாலத்தில் சுருதியை அசைக்க ஒரு கம்பி இருக்கும். வேண்டும்போது மட்டும் அதைத் தொடுவது வழக்கம். இவர் அதைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு தந்திகளை மீட்டினார். ஒவ்வொரு மீட்டலுக்கும் சுருதி சற்றே சாய்ந்து நிமிரும்.

பாடுகிறவரின் குரலும் கிதாருக்கு மேலே ஏறி நிற்காது. கர்ப்பக்கிரகத்தில் பாடுவதை வெளிப் பிரகாரத்தில் நின்று கேட்பதுபோல இருக்கும்: ராகம் வந்து சேரும், சொல் பாதி வழியில் கரைந்துவிடும்.

சரி, ஒரு பாட்டுக்குள் பத்து முறை பெடல் மாற்ற வேண்டும் என்றால் காலைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்? தலை குனிந்ததற்கு அதுதான் காரணம். கூச்சமும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். இருபது வயதுகூட ஆகாதவர்கள்தானே.

பெயர் வெளியிலிருந்து வந்தது

அன்று பிரிட்டனில் இசைக்கான வார இதழ்களில் மூன்று முன்னணியில் இருந்தன: என்.எம்.இ., மெலடி மேக்கர், சவுண்ட்ஸ். வாரம் தவறாமல் புதிதாக எதையாவது கண்டுபிடித்து அட்டையில் போட்டாக வேண்டிய நிலையில் மூன்றும் ஒன்றையொன்று முந்த ஓடின.

மூஸ் குழுவின் பாடகர் ஒரு கச்சேரியில் பாட்டு வரிகளைத் தாளில் எழுதி மேடைத் தரையில் ஒட்டிவைத்து, குனிந்து பார்த்தபடி பாடினார். சவுண்ட்ஸில் வந்த அந்தக் கச்சேரியின் விமர்சனத்திலிருந்துதான் ஷூகேஸ் என்ற சொல் பிறந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். மெலடி மேக்கரின் எழுத்தாளர் ஒருவர் 1990-இல் இன்னொரு பெயர் வைத்தார்: தன்னைத்தானே கொண்டாடிக்கொள்ளும் களம். இந்தக் குழுக்கள் ஒருவர் கச்சேரிக்கு மற்றவர் போனார்கள், வியாழன் இரவுகளில் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டில் இருந்த சிண்ட்ரோம் என்ற கிளப்பில் சேர்ந்து நின்று பேசினார்கள், ஒருவரையொருவர் பாராட்டினார்கள். அவ்வளவுதான் விஷயம். படித்தால் பாதி பாசமாகவும் பாதி குத்தலாகவும் தெரியும் பெயர் அது. போகப்போகப் பாசம் உதிர்ந்து குத்தல் மட்டும் மிஞ்சியது.

இங்கே நான் கவனித்த ஒன்று. இந்தப் பெயர்கள் இரண்டையும் குழுக்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கென்று ஓர் அறிக்கையோ கொள்கையோ கிடையாது. நட்பு இருந்தது, ஒரே மாதிரி ரசனை இருந்தது. அதற்குக் கொடி கட்டியவர்கள் வேறு ஆட்கள். கொடியை இறக்கும் நாளும் அவர்கள் கையிலேயே இருந்தது.

முதல் முடிவு: பாட்டு இல்லாமல் ஸ்டுடியோவுக்குப் போனது

1990-இல் ஸ்லோடைவ் கிரியேஷனில் ஒப்பந்தமானது. நவம்பரில் முதல் இ.பி. மெலடி மேக்கர் அதை அந்த வாரத்தின் சிறந்த வெளியீடாகத் தேர்ந்தெடுத்தது. 1991 பிப்ரவரியில் இரண்டாவது, ஜூனில் மூன்றாவது. எட்டே மாதத்தில் மூன்று இ.பி.கள். அதற்குள் நண்பர்களான ரைட்டின் முதல் ஆல்பம் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 11-ஆம் இடம் வரை போயிருந்தது. காற்று அடிக்கும்போதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்திருக்கும்.

குழுவின் முதன்மைப் பாடலாசிரியர் ஆல்பத்துக்குப் பாட்டெல்லாம் தயார் என்று நிறுவனத் தலைவரை நம்பவைத்தார். உண்மையில் ஒரு பாட்டும் கையில் இல்லை. ஸ்டுடியோவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே பதிவு செய்தார்கள். ஆறு வாரத்தில் வேலை முடிந்தது.

1991 செப்டம்பரில் ஆல்பம் வந்தது. பட்டியலில் 32-ஆம் இடம். சிறிய நிறுவனத்தின் புதுக் குழுவுக்கு அது மோசமில்லை. ஆனால் இ.பி.களைக் கொண்டாடியவர்கள் எதிர்பார்த்தது இன்னும் பெரியது. விமர்சனங்கள் கலவையாகவே வந்தன. இன்றும் அந்த ஆல்பத்தைக் கேட்டால் ஒலி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டுக்குப் பாட்டு வித்தியாசம் குறைவு. "எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே" என்று கேட்கக் காத்திருந்தவர்களுக்கு அந்த ஆறு வாரம்தான் வாய்ப்பைக் கொடுத்தது.

அந்த இலையுதிர்காலம்

1991 செப்டம்பர் கடைசி வாரத்தில், ஒரு நாள் இடைவெளியில், இரண்டு ஆல்பங்கள் வெளிவந்தன. கிரியேஷனிலிருந்தே பிரைமல் ஸ்க்ரீமின் நடன இசை கலந்த ஆல்பம். அமெரிக்காவிலிருந்து நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்'. சில வாரங்களில் கிதார் என்றாலே அமெரிக்கா என்று ஆகிவிட்டது. நிர்வாணாவின் கிதாரும் கரகரத்தது, ஆனால் பாடுகிறவர் கேட்பவரின் முகத்துக்கு நேராகக் கத்தினார். தலை குனிந்து நின்றவர்கள் அதன் பக்கத்தில் ஒரே நாளில் பழசாகத் தெரிந்தார்கள்.

நவம்பர் 4 அன்று மை பிளடி வேலண்டைனின் 'லவ்லெஸ்' வந்தது. இந்தக் களம் உலகத்துக்குக் கொடுத்த பெரிய கொடை அது. இரண்டு ஆண்டுக்கு மேல், பத்தொன்பது ஸ்டுடியோக்கள் மாறி மாறிப் பதிவு. செலவு இரண்டரை லட்சம் பவுண்ட் என்று ஒரு கணக்கு உலவியது. குழுவின் தலைவர் அது மிகை என்று மறுத்தார். தொகை எதுவானாலும் ஒரு சிறிய நிறுவனத்தின் மூச்சை முட்டவைக்கும் செலவுதான். பட்டியலில் அது தொட்டது 24-ஆம் இடம். அப்புறம் கிரியேஷன் அந்தக் குழுவைக் கைவிட்டது. 1992-இல் தன் பங்கில் 49 விழுக்காட்டை சோனிக்கு விற்றது.

இந்த விற்பனையை இசை ரசிகர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் கதையின் அச்சாணி. அதுவரை கிரியேஷன் தலைவருக்கு ஒரு ஒலி பிடித்திருந்தால் போதும், ஒப்பந்தம் போட்டுவிடலாம். சோனி உள்ளே வந்தபின் விற்றுக் காட்ட வேண்டும். ஸ்லோடைவ் அடுத்த பாட்டை எழுத உட்கார்ந்தது அந்தச் சூழலில்.

அதற்குள் வசை எல்லை மீறியிருந்தது. ஹிட்லரைவிட ஸ்லோடைவை அதிகம் வெறுப்போம் என்று வேல்ஸைச் சேர்ந்த ஒரு புதுக் குழுவின் உறுப்பினர் 1991-இலேயே பேட்டியில் சொன்னார். பத்திரிகை அதை அச்சிட்டது. மென்மையான பாட்டு எழுதிய இருபது வயதுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லப்பட்டது அது.

1992 ஏப்ரலில் மெலடி மேக்கர் தன் அட்டையில் ஸ்வெட் என்ற குழுவைப் பிரிட்டனின் மிகச் சிறந்த புதுக் குழு என்று அறிவித்தது. அந்தக் குழு அதுவரை ஒரு பாடல்கூட வெளியிட்டிருக்கவில்லை. முகம், உடை, பேட்டி, பிரிட்டிஷ் பெருமை: பத்திரிகைக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைத்தது. குனிந்த தலைகளிடம் பேட்டி எடுப்பது கஷ்டம்.

இரண்டாவது முடிவு: ஒரு கடிதம்

இரண்டாவது ஆல்பத்துக்காக எழுதிய ஏறக்குறைய நாற்பது பாடல்களை நிறுவனத் தலைவர் நிராகரித்தார். குழு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அப்போது அவர்கள் செய்த காரியம் எனக்கு இன்றும் வியப்பு: பிரையன் ஈனோவுக்குத் தயாரிப்பாளராக வரும்படி கடிதம் எழுதினார்கள். ராக்ஸி மியூசிக் என்ற குழுவில் தொடங்கி, பின்னணியில் மெல்லப் பரவும் ஆம்பியண்ட் இசைக்கே பெயர் வைத்தவர் அவர். தயாரிப்பு வேண்டாம், சேர்ந்து இசைக்கலாம் என்று பதில் வந்தது.

ஸ்டுடியோவுக்குள் வந்ததும் ஈனோ முதல் வேலையாகச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி ஒலிக்கலவை மேசையின் பக்கத்தில் வைத்தார் என்று பாடலாசிரியர் பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார். அப்புறம், எதையாவது வாசி, நான் பதிவு செய்கிறேன் என்றாராம். அந்த அமர்வுகளிலிருந்து இரண்டு பாடல்கள் ஆல்பத்தில் இடம்பெற்றன. அவற்றைவிட அந்த வேலைமுறைதான் குழுவோடு நீண்ட நாள் தங்கியது என்று நினைக்கிறேன். இனி வரும் பாடல்களில் இடைவெளி வருகிறது, மௌனம் வருகிறது. எல்லாவற்றையும் அலையால் நிரப்பும் பழக்கம் குறைகிறது.

'சுவ்லாக்கி' என்ற அந்த ஆல்பம் 1993-இன் நடுவில் வந்தது. பட்டியலில் 51-ஆம் இடம். மெலடி மேக்கர் விமர்சகர், இதை இன்னொரு முறை கேட்பதைவிடக் கஞ்சி நிரம்பிய தொட்டியில் மூழ்கிச் சாவேன் என்று எழுதினார். ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் விலக்கு அளித்தார். அது ஈனோவோடு சேர்ந்து உருவாக்கியது.

அதே சமயத்தில், 1993 மே 31 இரவு, கிரியேஷன் தலைவர் கிளாஸ்கோவில் ஒரு சின்ன அரங்கில் ஒயாசிஸ் என்ற மான்செஸ்டர் குழுவைக் கேட்டார். கிரியேஷனில் சேர்ந்த அந்தக் குழு பிரிட்டனின் மிகப் பெரிய குழுக்களில் ஒன்றானது.

1994, 1995

அமெரிக்காவில் 'சுவ்லாக்கி' வெளிவர 1994 பிப்ரவரி ஆனது. எட்டு மாதத் தாமதம். வேண்டியவர்கள் அதற்குள் இறக்குமதிப் பிரதியை வாங்கிவிட்டார்கள். அங்கே சுற்றுப்பயணத்துக்கான ஆதரவை அமெரிக்க நிறுவனம் விலக்கிக்கொண்டதால் குழு தன் காசைப் போட்டுக் கச்சேரி நடத்தியது. அந்த ஆண்டு டிரம்மர் விலகினார்.

மூன்றாவது ஆல்பத்துக்கு நிறுவனம் பாப் பாடல்களைக் கேட்டது. பாடலாசிரியர் கொடுத்தது நேர் எதிரானது. டிரம்ஸ் கிட்டத்தட்ட இல்லை, கிதார் துண்டு துண்டாக வந்து போகிறது, குரல்கள் ஒன்றிரண்டு சொல்லையே சுற்றி வருகின்றன. மின்னணு இசையைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒருவரின் ஆல்பம் அது. இதைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. 1995 பிப்ரவரியில் 'பிக்மேலியன்' வெளிவந்தது. ஒரு வாரத்தில் கிரியேஷன் ஸ்லோடைவை நீக்கியது. அதோடு குழு கலைந்தது. அதில் மூன்று பேர் மோஹாவே 3 என்ற பெயரில் நாட்டுப்புறச் சாயல் கொண்ட மெல்லிய பாடல்களோடு ஃபோர் ஏ.டி. நிறுவனத்துக்குப் போனார்கள்.

மற்றவர்கள் எடுத்த வழி

ஸ்லோடைவ் பிடிவாதம் பிடித்ததால் வீழ்ந்தது என்று சொல்வது சுலபம். அப்படியென்றால் மாறியவர்கள் பிழைத்திருக்க வேண்டுமே?

ரைட் மாறியது. 1992-இல் அவர்களின் இரண்டாவது ஆல்பம் 5-ஆம் இடம் பிடித்தது. 1994-இல் பெடல்களை ஓரங்கட்டிவிட்டு அறுபதுகளின் ராக் பாணிக்குப் போனார்கள். அந்த ஆல்பமும் 5-ஆம் இடம் வரை போனது. ஆனால் குழுவுக்குள் விரிசல் வந்துவிட்டது. 1996 மார்ச்சில் வந்த கடைசி ஆல்பத்தை ஒரே வாரத்தில் விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் குழு கலைந்திருந்தது. அதன் கிதார்க்காரர் ஒருவர் 1999-இல் ஒயாசிஸில் பேஸ் வாசிக்கப் போனார்.

லஷ்ஷும் மாறியது. 1996-இல், ஸ்வெட், ஒயாசிஸ் போன்ற குழுக்களோடு எழுந்த பிரிட்பாப் அலையின் பாணியில் கூர்மையான, வேகமான பாடல்கள். ஆல்பம் 8-ஆம் இடம். கணக்குப்படி வெற்றி. அதே ஆண்டு அக்டோபரில் டிரம்மர் இறந்தார். குழு அங்கேயே நின்றுபோனது. அந்த இழப்பை ஓர் இசைக்களத்தின் சரிவுக் கணக்கில் சேர்க்க எனக்கு விருப்பமில்லை, அதனால் லஷ்ஷைப் பற்றி எந்த முடிவும் சொல்லப்போவதில்லை. சாப்டர்ஹவுஸ் இரண்டு ஆல்பத்தோடு 1994-இல் முடிந்தது.

ஆக, 1996 முடியும்போது மாறியவர்களும் இல்லை, மாறாதவர்களும் இல்லை.

பிறகு நடந்தது

2002-இல் பெர்லினைச் சேர்ந்த மோர் மியூசிக் என்ற மின்னணு இசை நிறுவனம் ஸ்லோடைவின் பாடல்களை வேறு கலைஞர்கள் மீட்டுருவாக்கிய தொகுப்பை வெளியிட்டது. லண்டன் வார இதழ்கள் தூக்கிப்போட்டதை யாரோ வேறு ஊரில் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். மெலடி மேக்கர் அதற்கு முன்பே, 2000-த்தில், நின்றுவிட்டது. கிரியேஷனும் இல்லை.

மை பிளடி வேலண்டைன் 2008-இல் மேடைக்குத் திரும்பியது; 2013 பிப்ரவரியில் 'லவ்லெஸ்'ஸுக்கு அடுத்த ஆல்பம் வந்தது. ஸ்லோடைவ் 2014-இல் பார்சிலோனாவின் பிரிமவேரா விழாவில் மீண்டும் வாசித்தது. விலகிப்போன டிரம்மரும் கூட இருந்தார். 2017-இல் இருபத்திரண்டு ஆண்டுக்குப் பின் புது ஆல்பம். 2023 செப்டம்பரில் வந்த அடுத்த ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் 6-ஆம் இடம் பிடித்தது. அவர்கள் வாழ்நாளில் தொட்ட உயரம் அதுதான். கச்சேரிகளில் முன்வரிசையில் நிற்கும் பிள்ளைகள் பலர் 1995-இல் பிறந்திருக்கவே மாட்டார்கள். அவர்கள் கேட்டு வாங்குவது பெரும்பாலும் கஞ்சித் தொட்டி ஆல்பத்தின் பாடல்களைத்தான்.

எதை மாற்றியிருக்கலாம்

நிர்வாணா வந்ததையோ பிரிட்பாப் எழுந்ததையோ யாரும் தடுத்திருக்க முடியாது. கையில் இருந்த விஷயங்களை மட்டும் பேசுகிறேன்.

முதல் ஆல்பத்தை 1991-இல் எடுத்திருக்கவே கூடாது. மூன்று இ.பி.களுக்குப் பிறகு குழுவுக்கு ஆறு மாத ஓய்வும், ஊர் ஊராக வாசித்து எது பாட்டு, எது வெறும் ஒலி என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் தேவைப்பட்டது. பாட்டு தயார் என்று பாடலாசிரியர் சொன்னபோது, "இரண்டு பாட்டை வாசித்துக் காட்டு" என்று நிறுவனத்தில் ஒருவர் கேட்டிருந்தால் போதும். அந்த வயதில் அவர் பொய் சொன்னதை என்னால் மன்னிக்க முடிகிறது. கேட்காமல் விட்ட பெரியவர்களை மன்னிப்பது கொஞ்சம் கடினம்.

பெயர் விஷயத்தில் குழுக்கள் இன்னும் கறாராக இருந்திருக்கலாம். பாராட்டோடு பெயர் வந்தபோது சும்மா இருந்தார்கள். வசையோடு வந்தபோது மறுக்க இடமில்லை. மான்செஸ்டர் குழுக்கள் தங்கள் ஊர்ப் பெயரையே கொடியாகப் பிடித்தன. ரெடிங் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றியோ வளர்ந்த வீட்டைப் பற்றியோ பேசக் கூச்சப்பட்டார்கள். அந்த இடத்தை, வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்ற வர்க்கக் கேலி வந்து நிரப்பியது.

நாற்பது பாடல்களை நிராகரித்தது சரியா? இதில் நான் பல முறை மனம் மாறியிருக்கிறேன். அது நடக்காவிட்டால் கடிதம் போயிருக்காது, 'சுவ்லாக்கி' இப்படி வந்திருக்காது. கொடுமையாகச் சொல்லப்பட்டாலும் அந்த மறுப்பு வேலை செய்தது என்றே இப்போது நினைக்கிறேன்.

'பிக்மேலியன்' விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. அதை அடுத்த பாப் ஆல்பம் என்ற கணக்கில் கடைகளுக்கு அனுப்பியதுதான் தவறு. கிதார் இதழ்களுக்குக் கொடுக்காமல், அப்போது ஆம்பியண்ட், மின்னணு இசையைத் தேடிக் கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். அந்தக் கேட்போர் 1995-இலேயே இருந்தார்கள். ஆல்பம் அவர்கள் கைக்குப் போய்ச் சேரும் முன்னே, ஏழே நாளில், குழுவுக்கு நிறுவனம் இல்லாமல் போய்விட்டது.